பிடிஎஸ்டி கோச்: பட்டாளத்து மாமனாருடன் ஒரு மாதம்

சிங்கப்பூரின் ஹவ்காங்கில் குடியிருப்பவர்களுக்குப் பாய லேபார் விமானத் தளத்திலிருந்து எழும் போர் விமானங்களின் இரைச்சல் புதிதன்று. தேசிய தின ஒத்திகைகள் நடக்கும் ஜூலை மாதத்தில் அது இன்னும் கூடும். பிள்ளைகள் தாழ்வாரத்துக்கு ஓடிவந்து வானத்தைப் பார்த்துக் கையசைப்பார்கள். சென்ற ஜூலையில் எங்களுடன் வந்து தங்கியிருந்த என் மாமனார் மட்டும் ஒரு சனிக்கிழமை அந்தச் சத்தம் கேட்டதும் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை நழுவவிட்டு, சுவரோரம் குந்தி அமர்ந்து, நாங்கள் கூப்பிட்டும் சற்று நேரம் பதில் சொல்லாமல் இருந்தார். அவர் இந்தியத் தரைப்படையின் பீரங்கிப் பிரிவில் பணியாற்றியவர். 1999ஆம் ஆண்டு கார்கில் போரின்போது திராஸ் பகுதியில் இருந்தவர். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நாங்கள் ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்த, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு (பிடிஎஸ்டி) உள்ளவர்களுக்கான ‘பிடிஎஸ்டி கோச்’ என்னும் கைப்பேசிச் செயலியைப் பற்றியதே இந்த மதிப்புரை.

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் தேசிய பிடிஎஸ்டி மையம், அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையுடன் இணைந்து 2011ஆம் ஆண்டு இதை வெளியிட்டது. ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் கிடைக்கிறது, கட்டணம் இல்லை. பெயரையும் முகவரியையும் கேட்டுக் கணக்குத் திறக்கச் சொல்வதுமில்லை. இதை நான் ஒரு சிறு வசதி என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் மாமனார் கேட்ட முதல் கேள்வியே, “இது எங்கேயாவது ரெக்கார்டுல ஏறுமா, மாப்பிள்ளை?” என்பதுதான். ஓய்வூதியம் வாங்கும் ஒருவர், அதுவும் மனத்தைப் பற்றிப் பேசுவதே பலவீனம் என்று பழக்கப்பட்ட ஒருவர், வேறெப்படிக் கேட்பார்? ஏறாது என்று சொன்ன பிறகுதான் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

செயலியில் நான்கு பகுதிகள் உள்ளன. கற்றுக்கொள்ளும் பகுதி, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்றால் என்ன என்பதை எளிய, சிறுசிறு பத்திகளில் விளக்குகிறது. முதல் உலகப் போரில் ‘ஷெல் ஷாக்’ என்று அழைக்கப்பட்ட இந்த நிலை, வியட்நாம் போருக்குப் பின் 1980ஆம் ஆண்டில்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இன்றைய பெயரைப் பெற்றது. எங்கள் குடும்பத்தில் இதற்கு வேறு பெயர் இருந்தது. வேலூர் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் படையில் சேர்ந்த ஊர்கள் உண்டு. அங்கே ஒருவர் காரணமின்றிக் கத்தினாலும், திருவிழா வேட்டுச் சத்தத்துக்கு முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டாலும், இரவில் எழுந்து கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்த்தாலும், “பட்டாளத்துக்காரர் அப்படித்தான்” என்று முடித்துவிடுவார்கள். என் மனைவி தம் தந்தையை இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒரு சொற்றொடரால்தான் புரிந்துகொண்டிருந்தார். இந்தப் பகுதியை வாசித்த இரவு அவர் நெடுநேரம் தூங்கவில்லை.

சுயமதிப்பீட்டுப் பகுதியே எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் பட்டது. மருத்துவர்களும் பயன்படுத்தும் 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல், கடந்த ஒரு மாதத்தில் ஒவ்வோர் அறிகுறியும் எவ்வளவு தொல்லை தந்தது என்று கேட்டு, 0 முதல் 4 வரை மதிப்பிடச் சொல்கிறது. மொத்த மதிப்பெண்ணைப் பதிந்து வைத்துக்கொண்டால் ஏற்ற இறக்கத்தை வரைபடமாகப் பார்க்கலாம். ஆனால் இது நோயை உறுதிசெய்வதில்லை, அது மருத்துவரின் வேலை. கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்ததால் ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. எந்நேரமும் மிகை விழிப்புடன் இருப்பது பற்றிய கேள்வியை நான் தட்டுத்தடுமாறி விளக்கிக்கொண்டிருந்தபோது, “சென்ட்ரி டியூட்டி மாதிரியா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் நான்கு என்றார். ஆறாவது, ஏழாவது கேள்விகள் நினைவுகளையும், அவற்றைக் கிளறும் ஆட்களையும் இடங்களையும் பேச்சையும் தவிர்ப்பது பற்றியவை. அவை வந்ததும் தண்ணீர் குடிக்க எழுந்துபோனார். திரும்பி வர இருபது நிமிடம் ஆயிற்று.

அறிகுறியைச் சமாளிக்கும் பகுதியில், கோபம், தூக்கமின்மை, பழைய நினைவு கிளறப்படுதல் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மனவேதனையின் அளவைக் குறித்தால், ஒரு பயிற்சியைச் செயலி பரிந்துரைக்கிறது. முடித்ததும் வேதனை குறைந்ததா என்று மீண்டும் கேட்கிறது. தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும், கண்முன் உள்ள பொருள்களைக் கவனித்து மனத்தை நிகழ்காலத்துக்குக் கொண்டுவரும் பயிற்சியும் நன்றாக அமைக்கப்பட்டுள்ளன. ஆயினும் அமெரிக்க உச்சரிப்பில் ஒரு குரல் அமைதியாக இருக்கச் சொல்வது அவருக்கு எரிச்சலையே கூட்டியது. ஒலியை நிறுத்திவிட்டு நானே தமிழில் எண்ணிக்கை சொன்ன பிறகுதான் மூச்சுப் பயிற்சி கைகூடியது. சொந்தப் படங்களைச் சேர்க்கும் வசதியில் ஊர்க் கிணற்றடியின் படத்தைப் போட்டுக் கொடுத்தோம். அதை அவர் பயிற்சி இல்லாத வேளைகளிலும் திறந்து பார்க்கிறார். இதே பகுதியில் வரும் பொன்மொழிகள் இல்லாவிட்டாலும் எனக்குக் குறையில்லை.

மொழிதான் இதன் பெருங்குறை. ஆங்கிலம் அறியாத முதியவர் இதைத் தனியே பயன்படுத்த முடியாது. இரண்டாவது குறை, உதவி பெறும் பகுதியில் உள்ள எண்கள் அமெரிக்காவுக்குரியவை என்பது. நல்லவேளையாக நமக்கு வேண்டிய தொடர்புகளை நாமே சேர்த்துக்கொள்ளலாம். நாங்கள் தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767 எண்ணையும் மனநலக் கழகத்தின் 6389 2222 எண்ணையும் பதிந்துவைத்தோம். குடும்பத்தாருக்கென்று ‘பிடிஎஸ்டி ஃபேமிலி கோச்’ என்று தனிச் செயலியும் உண்டு. எதுவானாலும் இவை சிகிச்சைக்கு மாற்றாகா. அதிர்ச்சியை மையப்படுத்திய உளவியல் சிகிச்சைகளும் மருந்துகளும் பலன் தருகின்றன என்பதைச் செயலியே சொல்கிறது. அதைப் படித்துக் காட்டியதால்தான் மாமனார் ஒரு மருத்துவரைப் பார்க்கச் சம்மதித்தார். நாங்கள் மட்டும் சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

இங்கே கட்டாயப் பணியான தேசிய சேவையைச் செய்தவர் இல்லாத வீடு அரிது. போர் கண்டவர் இருக்கும் வீடு அதைவிட அரிது என்பதால் இந்தப் பேச்சு நம்மிடையே எழுவதில்லை போலும். ஆனால் தீயணைப்பாளர், அவசர மருத்துவ உதவியாளர், கட்டுமானத் தளத்தில் விபத்தைக் கண்ணெதிரே பார்த்த ஊழியர் ஆகியோருக்கும் இது பொருந்தும். செயலி படைவீரருக்கு மட்டுமானதன்று. ஆங்கிலம் வாசிக்கும் ஒருவர் பக்கத்தில் உட்காரத் தயாராக இருந்தால், ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

மாமனார் ஊர் திரும்பும் முன் அந்த 20 கேள்விகளையும் தமிழில் எழுதித் தரச்சொன்னார். சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை வைத்துக்கொண்டு, குடியாத்தத்தில் இருக்கும் தம் பழைய பட்டாளத்துத் தோழரிடம் தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் கேட்டாராம். ஆறாவது கேள்வியில் இருவரும் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்களாம்.