விளக்கில் குறையில்லை, ஜாயின்ட்தான் உயிரை வாங்குகிறது

தோட்டப் பாதைக்கு 12 வோல்ட் எல்இடி போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். போன வாரம்தான் மூன்றாவது முறையாக மண்ணைத் தோண்டி முடித்தேன், அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

நான்கு வருடமாக 3 வாட் விளக்குகள் பத்து எரிகின்றன. ஒன்றுகூட ஃபியூஸ் ஆகவில்லை. 2700 கெல்வின் வார்ம் ஒயிட், அதாவது மஞ்சள் சாயல் வெளிச்சம். மழை விட்ட ராத்திரியில் ஈரக் கல்லில் அந்த வெளிச்சம் விழுவதைப் பார்க்கவே வெளியே வந்து நிற்பேன். நீலச் சாயல் அடிக்கும் வெள்ளை விளக்கு அளவுக்குப் பூச்சியும் மொய்ப்பதில்லை.

ஆனால் விளக்கை ஒயரோடு சேர்க்கிற இந்த ஜாயின்ட் இருக்கிறதே! விளக்கின் மேல் ஐபி 67 என்று போட்டிருந்தால், தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது என்கிற அந்தத் தரக்குறி விளக்குக்கு மட்டும்தான். கூடவே கொடுக்கும், ஒயரில் ஊசி குத்தி இறுக்குகிற கனெக்டர் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடுகிறது. ஆறாவது விளக்கு மங்கும், காலால் லேசாகத் தட்டினால் எரியும், மறுநாள் அதுவும் இல்லை. தோண்டி எடுத்து மேலே சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தால் செம்புக் கம்பி பச்சை பூத்து, விரலில் தேய்த்ததும் பொடியாக உதிர்கிறது. இப்போது எல்லாவற்றையும் ஜெல் அடைத்த கனெக்டருக்கு மாற்றியிருக்கிறேன். அதை முதலிலேயே பெட்டியில் வைத்துத் தந்திருந்தால் எவ்வளவு வேலை மிச்சம்?

ஒயரில் நானும் தவறு செய்தேன். 25 மீட்டருக்கு 0.75 ஸ்கொயர் எம்எம் என்ற மெல்லிய ஒயரைப் போட்டதால் கடைசி மூன்று விளக்கும் சோகை பிடித்தது போல எரிந்தன. வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தால் கடைசியில் 10.4 வோல்ட்தான் வந்தது. 30 வாட் என்றால் 2.5 ஆம்பியர் ஓடுகிறது, 12 வோல்ட்டில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போவது பெரிய நஷ்டம். தடிமனான 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயருக்கு மாற்றியதும் 11.5 வந்தது. சப்ளையை வரிசையின் நடுவில் கொடுத்தால் இன்னும் நல்லது.

அப்புறம், பழைய ஹாலோஜன் எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர் வீட்டில் கிடக்கிறதே என்று மாட்டாதீர்கள். எல்இடி இழுக்கும் மின்சாரம் குறைவு, குறைந்தபட்ச லோடு இல்லாவிட்டால் அது விளக்கைச் சிமிட்ட வைக்கும். 30 வாட்டுக்கு 60 வாட் டிசி சப்ளையாகவே வாங்குங்கள், சூடாகாமல் கிடக்கும்.

சரி, வாங்கலாமா? விளக்கைப் பொறுத்தவரை மனதார நல்லது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஜாயின்ட்டையெல்லாம் மண்ணுக்கு மேலே பெட்டிக்குள் வைக்க வழியில்லை என்றால் வேண்டாம். நகக்கண்ணில் மண் இன்னும் போகவில்லை, இன்றைக்கு என் பதில் இதுதான்.