கிணற்று மணல் எடுக்க ‘தங்கம் எடுக்கிற ஜெட்’ என்று விற்கிறார்கள், உஷார்

கடலூர், பாகூர் பக்கம் தென்பெண்ணைக் கரையில் கிணறு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறி, அடுத்த ஒன்றிரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டதில் ஆறு எங்கெல்லாம் புகுந்தது என்று உங்களுக்கே தெரியும். எங்கள் கிணற்றில் பாதி மணல். சுற்றுச்சுவர் இளகிக் கிடப்பதால் உள்ளே இறங்கி அள்ள ஆள் வரவில்லை.

அப்போதுதான் புதுச்சேரியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் ஒரு வீடியோவைக் காட்டினார். “அண்ணே, அமெரிக்காவுல ஆத்துல தங்கம் எடுக்கிற மெஷின் இது. கூழாங்கல்லே மேல வருது, உங்க மணல் எம்மாத்திரம்?” என்றார். மோட்டார் தண்ணீரை ஒரு சிறிய முனை வழியாகப் பெரிய குழாய்க்குள் பீச்சும், அந்த வேகம் மணலை இழுத்துக்கொண்டு மேலே போகும், அதுதான் ஜெட். விலை 38,000 ரூபாய். பில் கேட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நல்லவேளை, பணம் ஜிபேயில் போனது.

வந்தது என்ன தெரியுமா? நாலு இஞ்ச் குழாயின் பக்கவாட்டில் ஒன்றரை இஞ்ச் பைப்பை அப்படியே அறுத்து ஒட்டவைத்திருந்தார். தண்ணீர் பீச்சும் முனைக்குத்தான் நாசில் என்று பெயர், அது குறுகலாக இருக்க வேண்டும், இவர் வைத்ததில் குறுகலே கிடையாது. நாசிலைத் தாண்டிய உடனே குழாயை வளைக்கும் ஒரு எல்போ வேறு. என் 5 எச்பி மோனோபிளாக் மோட்டார் பம்பை ஓட்டினால் பிரஷர் காட்டும் கேஜின் முள் அரை கிலோவைக்கூட (சதுர செ.மீ.க்கு) தொடவில்லை. கிணற்றுக்குள் தண்ணீர் கலங்கியது, மேலே ஒரு பிடி மணல் வரவில்லை.

நெய்வேலியில் பம்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற சித்தப்பா வந்து பார்த்துச் சிரித்தார். ஜெட்டுக்கு உயிரே வேகம்தான். 3 கிலோ பிரஷர் நின்றால் நாசிலிலிருந்து தண்ணீர் நொடிக்கு 24 மீட்டர் வேகத்தில் பாயும், அந்த வேகம்தான் பக்கத்துத் தண்ணீரையும் மணலையும் இழுத்துக்கொண்டு போகும். 5 எச்பி மோட்டார் அந்தப் பிரஷரில் நொடிக்கு ஏழு லிட்டர் சொச்சம் தரும், அதற்குப் பொருத்தம் 20 மில்லிமீட்டர் துவாரம். பட்டறைக்காரர் வைத்தது கிட்டத்தட்ட 40 மில்லிமீட்டர், அதாவது பரப்பளவில் நாலு மடங்கு, அப்புறம் பிரஷர் எங்கே நிற்கும்?

அதைவிடப் பெரிய ஏமாற்று இன்னொன்று. தங்கம் எடுக்கும் அந்த மெஷின் ஆற்றில் மிதக்கும், உறிஞ்சிய கல்லும் மணலும் நீர்மட்டத்துக்கு ஓரடி இரண்டடி மேலே இருக்கும் பெட்டியில் கொட்டும், அவ்வளவுதான் அதன் ஏற்றம். கல் சிக்காமல் போகத்தான் குழாயை அவ்வளவு அகலமாக வைக்கிறார்கள். எங்கள் கிணற்றிலோ தண்ணீரே இருபது அடி கீழே. நாசிலைச் சரிசெய்தாலும் நாலு இஞ்ச் குழாயில் அது ஆறேழு அடிக்கு மேல் தள்ளாது. இருபது அடி ஏற்ற வேண்டுமென்றால் நாசிலுக்கு நேர் எதிரே வரும் தொண்டைக் குழாய் ஒன்றரை இஞ்ச் அளவுக்கு ஒடுங்கி, தன் விட்டத்தைப் போல ஆறேழு மடங்கு நீளம் வளைவில்லாமல் போய், அதன் பிறகு மெல்ல மெல்ல அகல வேண்டும். மணல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும், ஆனால் வரும். வீட்டு போர்வெல்லில் இறக்கும் ஜெட்டும் இதே கணக்குதான். என் நீர்மட்டம் எவ்வளவு, மோட்டார் என்ன பிரஷர் தரும் என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனால், “கிணத்துல இறக்கின பொருளை நான் எப்படிண்ணே திரும்ப எடுக்கிறது?” என்கிறார். இப்போது ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, கேஜ் முள்ளின் படம் எல்லாவற்றையும் சேர்த்துக் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தும் புகார் பதியலாம்.

அவர் ஸ்டேட்டஸில் இப்போதும் அதே வீடியோதான் ஓடுகிறது, இந்த முறை ‘இறால் குட்டை தூர்வார’ என்று. குட்டையில் கரை நீர்மட்டத்தை ஒட்டியே இருப்பதால் அங்கே ஓரளவு வேலை செய்தாலும் செய்யும். ஆனால் உங்கள் மோட்டாருக்கு ஏற்ற நாசில் இருக்கிறதா என்று பார்த்து, கேஜ் மாட்டி, பட்டறையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.