செயின்ட் ஜார்ஜ் கோட்டை: வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள்

சென்னைக் கோட்டையைச் சுற்றுலாத் தலம் என்று நினைத்து வருபவர்கள் வாசலிலேயே திகைத்துவிடுவார்கள். எதிரே போலீஸ், மெட்டல் டிடெக்டர், சைரன் வைத்த கார்கள். இது இன்றும் தலைமைச் செயலகம். 2010இல் ஓமந்தூரார் தோட்டத்துக்குக் குடிபோன சட்டமன்றமும் 2011இல் இங்கேயே திரும்பிவிட்டது. அந்தப் புதுக் கட்டடம் இப்போது ஆஸ்பத்திரி. ஆகவே உள்ளே நமக்குத் திறந்திருப்பவை மத்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் புனித மேரி தேவாலயமும் அவற்றை ஒட்டிய தெருக்களும்தான். சட்டமன்ற மண்டபம், செயலக அலுவலகங்கள் இருக்கும் நாமக்கல் கவிஞர் மாளிகை எல்லாம் பாஸ் இருந்தால்தான்.

ராஜாஜி சாலைப் பக்கம் தலைமைச் செயலகம் நிறுத்தத்தில் இறங்குவது எளிது. வாசலில் கேட்டால் "மியூசியம்" என்ற ஒரு சொல் போதும். "சும்மா சுத்திப் பாக்க" என்றால் கேள்வி மேல் கேள்வி வரும். அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பெரிய பை, ட்ரைபாட் இரண்டும் வீட்டிலேயே இருக்கட்டும். சட்டமன்றம் கூடும் நாட்களில் கெடுபிடி அதிகம், வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது. சனி, ஞாயிறுதான் நல்லது. செயலகத்துக்கு விடுமுறை, அருங்காட்சியகம் திறந்திருக்கும்.

பலர் கோட்டைவிடுவது கிழமையில். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான் விடுமுறை என்பதால், இங்கே பூட்டியிருந்தால் அங்கே போகலாம் என்ற கணக்கும் செல்லாது. நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை. டிக்கெட் இந்தியர்களுக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300. சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்கு இந்தியர் கட்டணமே என்பதால், இலங்கையிலிருந்து வருபவர்கள் கவுன்டரில் பாஸ்போர்ட்டைக் காட்ட மறக்க வேண்டாம்.

அருங்காட்சியகக் கட்டடமே ஒரு காட்சிப்பொருள். 1790களில் வணிகர்கள் கூடும் எக்ஸ்சேஞ்சாக எழுந்தது. 1796இல் சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது இதன் மொட்டை மாடியில், அதுவும் தேங்காய் எண்ணெயில். உள்ளே ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் பளிங்குச் சிலைக்கு முன்னால் எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். குனிந்து பீடத்தைப் பாருங்கள்: 1792இல் திப்புவின் இரு மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. 1840இல் சீனாவில் பிடிபட்ட ஆன்ஸ்ட்ருதர் என்ற ஆங்கிலேய அதிகாரியை அடைத்துத் தூக்கிச் சென்ற மரக்கூண்டையும் தவறவிடாதீர்கள். ஒரு ஆள் அதற்குள் எப்படி மடங்கி உட்கார்ந்திருப்பார் என்று யோசித்தாலே முதுகு வலிக்கும். மாடியில் இருக்கும் அரசர், கவர்னர் ஓவியங்களுக்குப் பத்து நிமிடம் போதும். 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய பட்டுத் தேசியக் கொடிக்கு அதைவிட அதிக நேரம் கொடுக்கலாம். வெளிச்சம் மங்கலாக இருக்கிறதே என்று குறைப்பட வேண்டாம். விளக்கு வெளிச்சம் பட்டால் பழைய பட்டு வெளுத்து இற்றுவிடும்.

விளக்கப் பலகைகள்தான் இந்த இடத்தின் பலவீனம். பொருளின் பெயர், ஆண்டு என்பதோடு பல இடங்களில் நின்றுவிடுகின்றன. கொஞ்சம் படித்துவிட்டுப் போனால்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

புனித மேரி தேவாலயம் 1680இல் திறக்கப்பட்டது. கூரையில் மரமே கிடையாது. செங்கல் வளைவு, அதைத் தாங்க ஏறக்குறைய நான்கடிச் சுவர். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தீப்பிடிக்கக் கூடாது என்ற கணக்கு. பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலைஹு யேலுக்கு அதே 1680இலும், ராபர்ட் கிளைவுக்கு 1753இலும் கல்யாணம் நடந்தது இங்கேதான். முற்றத்தில் காலடியில் இருப்பவை வெறும் தளக்கற்கள் அல்ல, கல்லறைக் கற்கள். பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இன்றைய சட்டக் கல்லூரிப் பக்கம் இருந்தது. 1758–59 முற்றுகையில் அங்கிருந்த சமாதிகள் பிரெஞ்சுக்காரர்களுக்கு மறைவிடமாகிவிட்டதால், பிறகு கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். 1652ஆம் ஆண்டுக் கல் ஒன்றும் இருக்கிறது. ஞாயிறு காலை வழிபாடு நடக்கும்; அது முடிந்த பிறகு போவதே மரியாதை. செருப்போடு போகலாம், ஆனால் வெயிலில் அந்தக் கற்கள் கொதிக்கும், குழந்தைகளை வெறுங்காலோடு விடாதீர்கள்.

சட்டமன்றக் கட்டட முகப்பின் கருங்கல் தூண்களைத் தள்ளி நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பல்லாவரம் பக்கத்தில் கிடைக்கும் சார்னகைட் என்ற கருங்கல் வகை. 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் இவற்றைப் புதுச்சேரிக்கு அள்ளிப்போனார்கள். 1761இல் புதுச்சேரி விழுந்ததும் ஆங்கிலேயர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அந்தப் பக்கம் போனை நீட்டாதீர்கள், படம் எடுக்க அனுமதியில்லை. காவலர் பார்த்துவிட்டால் எடுத்த படத்தை அழிக்கச் சொல்வார், அதோடு அன்றைய உற்சாகமும் போய்விடும்.