வெண்கொக்குக்கு எந்த நிறத் துணி? கிராஸ் ஸ்டிச் பின்னணிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

துணியின் கட்டங்களில் ‘X’ வடிவத் தையல்களால் படம் உருவாக்கும் கிராஸ் ஸ்டிச் வேலையில் எந்தக் கட்டத்துக்கு எந்த நிற நூல் என்பதை வடிவத்தாளே எண் போட்டுச் சொல்லிவிடுகிறது. துணியின் நிறத்தைப் பற்றி அது பெரும்பாலும் ‘வெள்ளை’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறது. நாணல்களுக்கிடையே ஒற்றைக் காலில் நிற்கும் வெண்கொக்கு ஒன்றைத் தைக்க எடுத்தபோது அந்த ஒற்றைச் சொல்லை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. வடிவம் 112 கட்ட அகலமும் 140 கட்ட உயரமும் கொண்டது. கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியில், அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள வகையில், 8 அங்குலத்துக்கு 10 அங்குலம் வரும். மொத்தமுள்ள 15,680 கட்டங்களில் ஊசி படுவது ஏறத்தாழ 6,000 மட்டுமே. எஞ்சிய இடம் முழுவதும் வெறும் துணிதான் என்பதால், படத்தில் மிகுதியாக இருக்கப்போகும் நிறம் துணியின் நிறமே.

வெள்ளைத் துணிக்குச் சாதகமானவை பல. பள்ளித் தையல் வகுப்பில் நாம் பழகிய மேட்டி துணியைப் போலவே இதிலும் துளைகள் தெளிவாகத் தெரியும். எந்தக் கடையிலும் கிடைக்கும். நூலின் நிறத்தை மாற்றிக் காட்டாது. பூங்கொத்து, எழுத்து, கோயில் கோபுரம் போன்றவற்றுக்கு இதைவிட நல்ல துணி தேவையில்லை. கொக்கோ வெள்ளை. டி.எம்.சி. நிறுவனத்தின் நூல்களில் பி5200 என்னும் எண் கொண்ட பளீர் வெள்ளையை எடுத்தாலும், வெள்ளைத் துணியின் மேல் அது நிறமாகத் தெரியாமல் சற்றே புடைத்த இடமாகத்தான் தெரியும். உருவத்தைச் சுற்றிச் சாம்பல் நூலில் பேக் ஸ்டிச், அதாவது இடைவெளியின்றித் தொடரும் தையல், கொண்டு கோடு போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். போட்டுப் பார்த்தேன், குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகத்தின் கோட்டுப்படம்போல் ஆகிவிட்டது. வெள்ளைத் துணிக்கு இன்னொரு குறையும் உண்டு: அடர்ந்த பச்சையில் நெருக்கமாகத் தைத்த நாணல்களுக்கிடையே துணியின் வெண்மை பொடிப்பொடிப் புள்ளிகளாக எட்டிப் பார்க்கும்.

கிரீம் நிறத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய காலத்துச் சாயல் வேண்டிய வடிவங்களுக்கு அது அழகு. கொக்குக்கு அது வெள்ளையின் குறையைப் பாதிதான் தீர்க்கிறது; குண்டு பல்பின் மஞ்சள் ஒளியில் பார்த்தால் அந்தப் பாதியும் மறைந்து, நூலும் துணியும் ஒரே நிறமாகிவிடுகின்றன.

கறுப்புத் துணி கண்ணைப் பறிப்பது. அதன் மேல் வெள்ளை நூலை நீட்டி வைத்துப் பார்க்கும் எவரும் அக்கணமே முடிவெடுத்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். தைக்கத் தொடங்கிய பிறகுதான் அதன் உண்மை விலை தெரிந்தது. துளையும் நூலிழையும் ஒரே இருட்டாக இருப்பதால், மடியில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டு, கீழிருந்து வரும் வெளிச்சத்தில் துளையைத் தேட வேண்டும். வெள்ளையில் இரண்டு இழை போதுமான இடத்தில், கறுப்பு ஊடுருவாமல் இருக்க மூன்று இழை கோக்க வேண்டும். ஓரிடத்தில் முடித்த நூலைத் துணியின் பின்னால் இழுத்துச் சென்று தள்ளித் தொடங்கினால், அந்த வெள்ளை இழை துளைகளின் வழியே முன்பக்கம் தெரியும். ஒருநாள் இரவு கழுத்துப் பகுதியைத் தைத்துவிட்டுக் காலையில் பார்த்தால், ஒரு கட்டம் தள்ளி ஊசி குத்தியதில் மூன்று வரிசையும் தவறியிருந்தன. பிரித்த இடத்தில் ஒட்டிக்கொண்ட வெண்பஞ்சை எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. இத்தனைக்குப் பிறகும் கொக்கு மட்டுமே ஒளிர்ந்தது. அடர்பச்சை நாணல்கள் இருளில் மூழ்கிவிட்டன. நிலா, விளக்கு, வாணவேடிக்கை என்று எல்லா நூலும் வெளிர் நிறமாக உள்ள வடிவத்துக்கே கறுப்பு பொருந்தும்.

அடுத்து வெளிர்நீலமும் சாம்பலும். பாரிஸின் கோபெலின் திரைச்சீலை நெசவாலையில் 1824 முதல் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்பு நூலின் சாயம் மங்கலாக இருக்கிறது என்று முறையீடு வந்தது. சாயத்தில் பிழையில்லை, அருகிலிருந்த நிறங்களே கறுப்பை அப்படிக் காட்டின என்று கண்ட அவர், அதிலிருந்து வளர்ந்த ஆய்வை 1839-இல் வெளியிட்டார். அவர் சொன்னதை ஐடா துணியிலேயே காணலாம். வெளிர்நீலத்தின் மேல் கொக்கின் மஞ்சள் அலகு பளிச்சென்று எழுகிறது, வெள்ளை உடலும் இளஞ்சூடு கொள்கிறது. நீரும் வானும் தைக்காமலே வந்துவிடுகின்றன. ஆனால் இறக்கையின் அடிநிழலுக்கு வடிவத்தாள் தந்த நீலச்சாம்பல் நூல், துணியோடு கலந்து காணாமற்போய், இறக்கையைக் கத்தரித்ததுபோல் காட்டியது.

நிறத்தைவிட, அது எவ்வளவு வெளிர் அல்லது அடர் என்னும் வெளிச்ச அளவுதான் முதலில் பார்க்க வேண்டியது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நூல்களைத் துணியின் மேல் வரிசையாக வைத்துக் கைபேசியில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்தால், எது எதோடு கலக்கும் என்பது உடனே தெரிந்துவிடும். கண்டாக உள்ளபோது நூல் அடர்ந்து தோன்றும் என்பதால், இரண்டு இழையைப் பிரித்தெடுத்து, துணி ஓரத்தில் பத்துக்குப் பத்துக் கட்டம் தைத்து அதைப் படம் எடுப்பதே சரி. கொக்கின் அடிநிழலைவிட ஒரு படி அடர்ந்தும், நாணலின் பச்சையைவிட நன்றாக வெளிறியும் இருந்த துணி சாம்பல் ஒன்றுதான்.

வெள்ளைத் துணியையே வாங்கிப் பின்னணியையும் நூலால் நிரப்பிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: மணிக்கு நூறு தையல் என்னும் என் வேகத்தில், எஞ்சிய 9,680 கட்டங்களுக்குக் கிட்டத்தட்ட 97 மணி நேரம் ஆகும், அதுவும் ஒரே நிறத்தில்.

சாம்பல் துணி எங்கள் ஊர்க் கடையில் இல்லாததால் வரவழைக்க வேண்டியிருந்தது. சாயம் இறங்குமோ என்ற ஐயத்தில், ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியின் மேல் அழுத்திப் பார்த்த பிறகே வெட்டினேன். சட்டம் போடுவதற்காகச் சுற்றிலும் மூன்று அங்குலம் விட்டதில் 14-க்கு 16 அங்குலத் துண்டு ஆயிற்று. இதிலும் ஒரு சேதம் உண்டு: நாணலின் காய்ந்த நுனிகளுக்கான மணல்நிற நூல் துணியோடு கலந்துவிட்டது. அந்த நுனிகளுக்கு மட்டும் ஒற்றை இழைப் பழுப்பில் பேக் ஸ்டிச் போட்டேன். கொக்கைச் சுற்றி எந்தக் கோடும் போடவில்லை.