தளிப் பக்கத்துக் குளிரில் ரெவோ 3.3: ஒரு நைட்ரோ வண்டியின் மதிப்புரை

டிராக்சஸ் நிறுவனத்தின் ரெவோ 3.3, மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடும் ரிமோட் கன்ட்ரோல் (ஆர்சி) வண்டி. இது குளிர்காலத்துக்கு ஏற்ற நைட்ரோ வண்டி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எஞ்சினின் சூட்டைக் காக்கத் தெரிந்தவரிடம்தான் அது தன் முழுத் திறனையும் காட்டும். பெங்களூரில் ஒருவர் ஓட்டிவிட்டு விற்ற வண்டியை வாங்கி, ஓசூருக்குத் தெற்கே தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வயல்வெளிகளில் மார்கழி, தை மாதக் காலைகளில் ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

இது பத்தில் ஒரு பங்கு அளவிலான நான்கு சக்கர இயக்க வண்டி. 3.3 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், தானாக மாறும் இரண்டு கியர், பின்னோக்கிச் செல்லும் வசதி ஆகியவை உண்டு. ஷாக் அப்சார்பர்கள் நிமிர்ந்து நிற்காமல் வண்டியின் நடுவில் படுத்திருக்கின்றன. சக்கரத்தின் ஏற்ற இறக்கத்தை ஒரு தண்டும் ராக்கர் என்னும் நெம்புகோலும் அவற்றுக்குக் கடத்துகின்றன. ராகி அறுத்த வயலில் உழவுச் சாலுக்குக் குறுக்கே வேகமாக விடும்போது இந்த அமைப்பின் அருமை தெரிகிறது. சக்கரங்கள் நான்கும் தனித்தனியே ஏறி இறங்குகின்றன, மேற்கூடோ ஏறக்குறைய அசையாமல் செல்கிறது.

குளிரின் சோதனை ஸ்டார்ட் செய்வதிலேயே தொடங்குகிறது. இவ்வகை எஞ்சின்களில் பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயான சிலிண்டர் ஸ்லீவின் மேற்பகுதி சற்றுக் குறுகலாகக் கடையப்பட்டிருக்கும். சூடேறி விரிந்த பிறகே பிஸ்டனுக்குச் சரியான இடைவெளி கிடைக்கும். ஆகவே குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் உச்சியில் இறுகிக்கொள்கிறது, அந்த நிலையில் வலிந்து சுழற்றினால் பிஸ்டனை இயக்கும் கனெக்டிங் ராடுதான் தேயும். எரிபொருளின் பெரும்பகுதியான மெத்தனாலோ ஏறத்தாழ 11 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தீப்பற்றும் அளவுக்கு ஆவி தராது, தளிப் பக்கத்து விடியற்காலையும் அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது. வீட்டை விட்டுக் கிளம்புமுன் தலைமுடி உலர்த்தும் டிரையரால் எஞ்சின் தலையைக் கை பொறுக்கும் சூடு வரை சூடாக்கித் துணியில் சுற்றி எடுத்துச் சென்றால் இவ்விரண்டு தொல்லையும் தீர்ந்துவிடும். அதன்பின் எஞ்சினை மின்சாரத்தால் சுழற்றும் ஈசி-ஸ்டார்ட் கைப்பெட்டியைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் போதும். எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக் சூடாகிறதா என்பதை அதன் விளக்கே காட்டிவிடுவதால், கயிறு இழுத்து இழுத்துத் தோள் நோகும் வேலை இதில் இல்லை.

குளிர்காலத்துக்கான அறிவுரைகளில் பெரும்பாலானவை பனி கொட்டும் நாடுகளில் ஓட்டுபவர்கள் சொன்னவை. குளிர்காற்று அடர்த்தியானது, ஆகவே எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் திருகான நீடிலைத் தாராளமாகத் திறந்து எரிபொருளைக் கூட்டுங்கள் என்பது அவற்றுள் முதலாவது. இதை அப்படியே நம் ஊரில் செய்யக் கூடாது. 35 டிகிரி வெயிலோடு ஒப்பிட்டால் 12 டிகிரிக் காற்று ஏறத்தாழ 8 சதவீதம் அடர்த்தி மிக்கது என்பது உண்மைதான். ஆனால் கிருஷ்ணகிரி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்க, ஓசூர், தளிப் பகுதி சுமார் 900 மீட்டரில் இருக்கிறது. அந்த ஏற்றத்தில் காற்று 4 முதல் 5 சதவீதம் மெலிகிறது. குளிர் கொடுத்ததில் பாதிக்குமேல் உயரம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. எனவே கிருஷ்ணகிரியில் கோடையில் ட்யூன் செய்த வண்டிக்கு இங்கே நீடிலை மிகச் சிறிதளவு திறந்தாலே போதும். அளவுக்கு மிஞ்சித் திறந்தால் எஞ்சின் மேலும் குளிர்ந்து, புகையும் எண்ணெயும் கக்கி, ஐடிலில் நின்றுவிடும்.

பனிநாட்டு ஓட்டுநர்களிடமிருந்து தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: எஞ்சின் தலையின் குளிர்விப்புத் தகடுகளில் ஒரு பகுதியை அலுமினியத் தாளால் மூடுவது. கீழ் அடுக்குகளிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மூடி, ஓட்டத்துக்கு இடையே தலையின் மேல் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். துளி மெல்லப் பரவி ஈரமாகவே தங்கினால் இன்னும் சூடு போதவில்லை, விழுந்த கணமே சீறி மறைந்தால் சூடு மிஞ்சிவிட்டது. மூன்று நான்கு விநாடிகள் கொதித்து அடங்கினால் அதுவே நாம் தேடும் நிலை. அகச்சிவப்பு வெப்பமானி உள்ளவர்கள் 100 முதல் 125 டிகிரிக்குள் நிறுத்திக்கொள்ளலாம். வெயில் ஏறியதும் தாளைக் கழற்றிவிட வேண்டும்.

உண்மையான பனிப்பொழிவில் காற்று வடிகட்டியை நீர்புகா உறையால் மூட வேண்டியிருக்கும், உறைகுளிரில் பிளாஸ்டிக் பாகங்களும் எளிதில் நொறுங்கும். நமக்கு அந்தக் கவலைகள் இல்லை, மூடுபனியும் புல்லின் ஈரமும்தான் உண்டு. மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. எரிபொருள் பாட்டிலைத் திறந்துவைத்தபடி பேசிக்கொண்டிருந்தால் அடுத்த முறை எஞ்சின் திணறும். ஓட்டம் முடிந்ததும் தொட்டியில் மிஞ்சியதை வடித்து, எஞ்சினில் தங்கிய எரிபொருளையும் எரித்துத் தீர்த்து, ஓட்டத்துக்குப் பின் எஞ்சினைத் துருவிலிருந்து காக்கும் ஆஃப்டர்-ரன் எண்ணெய் சில துளிகள் விட்டு, பிஸ்டன் கீழே நிற்கும்படி ஃபிளைவீலைத் திருப்பி வையுங்கள். பிஸ்டன் உச்சியில் நின்றால், ஆறும்போது ஸ்லீவ் சுருங்கி அதைக் கவ்விக்கொள்ளும்.

ஓட்டும் இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ராகி விளைந்து நிற்கும் இதே பருவத்தில்தான் பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக வருகின்றன. நைட்ரோ எஞ்சினின் அலறல் வெகுதூரம் கேட்கும். காட்டோர வயல்களை அறவே தவிர்த்து, ஊருக்கு அருகே, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, நன்றாக விடிந்த பிறகே ஓட்டுங்கள்.

எரிபொருள் 20 சதவீத நைட்ரோமீத்தேன் கொண்டதாக இருக்கட்டும். குளிரில் அதற்குக் கீழே இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எளிதில் தீப்பற்றுவதால் அதைச் சாதாரண கூரியரில் வரவழைக்கும் எண்ணம் வேண்டாம். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் பக்கம் என்பதால் நேரில் வாங்கி வருவது எளிது, தருமபுரியிலிருந்து வருபவர்கள் பயணச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதல் ஆர்சி வண்டி வாங்கும் சிறுவனுக்கு மின்கலத்தில் ஓடுவதே போதும். நீடிலைத் திருப்பி எஞ்சினின் குரல் மாறுவதைக் கேட்பதில் இன்பம் காண்பவர், எஞ்சின் தேயாமல் நல்ல கம்ப்ரெஷன் (சிலிண்டரின் அழுத்தம்) உள்ள பழைய ரெவோ கிடைத்தால் விலையில் சற்று விட்டுக்கொடுத்தாவது வாங்கலாம்.