இறக்கையைத் திருப்புவதா, பேட்டரியில் சேமிப்பதா?

காற்றின் வேகம் 10 சதவீதம் கூடினாலே அதிலுள்ள திறன் சுமார் 33 சதவீதம் எகிறிவிடும். காற்றாலை மின்சாரம் ஏறி இறங்குவதற்கு இதுதான் மூல காரணம்.

இதை அடக்க இறக்கையின் கோணத்தை மாற்றலாம். பெரிய காற்றாலைகளில் அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது, தனிச்செலவு இல்லை. ஆனால் டன் கணக்கில் எடையுள்ள இறக்கை நொடிக்குச் சில டிகிரிதான் திரும்பும். ஒவ்வொரு சின்ன வீச்சுக்கும் திருப்பிக்கொண்டே இருந்தால் அதன் அடியிலுள்ள பேரிங் தேய்ந்துபோகும். அப்புறம், மிகுதிக் காற்றை நழுவவிடத்தான் இதனால் முடியும். முன்பே உற்பத்தியைக் குறைத்து வைத்திருந்தால் தவிர, காற்று தணியும்போது குறையை நிரப்ப முடியாது.

பேட்டரி நிரப்பும், அதுவும் மில்லிநொடிகளில். விலைதான் உறுத்தும், சேமித்து எடுப்பதில் கொஞ்சம் மின்சாரமும் வீணாகும். என்னைக் கேட்டால், நொடிக்கணக்கான துடிப்புகளைப் பேட்டரியிடம் விட்டுவிட்டு, பலத்த காற்றுக்கு மட்டும் இறக்கையைத் திருப்புவேன்.