மெத்தில் ஜாஸ்மோனேட்: நல்ல சரக்கு, வாங்காதீங்க

வில்லியனூர்ல புதுசா நர்சரி போட்ட தம்பி கேட்டாப்ல: "அண்ணே, செடியே பூச்சிய எதிர்க்க ஏதோ அடிக்கிறீங்களாமே, வாங்கலாமா?" காலாப்பட்டுல என் அரக்கேரியா கன்னுகளுக்கு, அதான் கிறிஸ்துமஸ் மரம், சில வருஷமா இதைத்தான் அடிக்கிறேன்.

இது பூச்சியக் கொல்லாது. பூச்சி கடிச்சிடுச்சுன்னு செடிய நம்ப வைக்கும். ஊசியிலை மரங்க அதை நம்பிப் பிசினைக் கூட்டிக்கும். சுவீடன், நார்வேல ஸ்ப்ரூஸ், பைன் கன்னுங்க பட்டையக் கொறிக்கிற வண்டுக்கு எதிரா சோதிச்ச சங்கதி. அந்த வண்டும் நம்ம தென்னைக் கூன்வண்டு வகையறாதான். 1962ல சாதிமல்லி எண்ணெய்ல இருந்து பிரிச்ச பொருளுங்கறதால, அடிச்ச சாயங்காலம் ஷெட்டே மணக்கும். வேப்பெண்ணெய் அடிக்கிற அன்னிக்குச் சோறே இறங்காத எனக்கு இது ஒண்ணே போதும்.

தண்ணில கரையாது. ஆல்கஹால்ல கலந்து, எண்ணெயும் தண்ணியும் பிரியாம வைக்கிற ட்வீன் சேர்த்து, அப்புறம் தண்ணி விட்டுக் குலுக்கிக்கிட்டே அடிக்கணும். விலையும் மில்லிக் கணக்குல.

சில வாரம் கழிச்சு ஒரு அடிக்கிளைய நறுக்கிப் பாருங்க. சும்மா விட்ட கன்னுல லேசா ஈரம் கசியும். இதுல சோளமணி மாதிரி பிசின் திரண்டு நிக்கும். வெட்டுக்கிளி ஒரு கடி கடிச்சிட்டு நகந்துடுது. மாவுப்பூச்சி மட்டும் கண்டுக்கவே இல்ல. மென்னு தின்கிறதுக்கு எடுபடற அளவுக்கு சாறு உறிஞ்சறதுக்கு இது எடுபடாது.

எல்லாம் சரி, கன்னு வளர மாட்டேங்குதே! சத்தெல்லாம் பிசினுக்குப் போயிடுது, நுனி அப்படியே நிக்குது. மருந்தைக் குத்தம் சொல்ல முடியாது, எதிர்ப்புக்குச் செடி கொடுக்கிற விலை அது. பிறகு பழையபடி வளரும், அதுவும் நிஜம். அறுபது எழுபது வருஷம் கழிச்சு வெட்டப்போற சுவீடன்காரனுக்கு இதெல்லாம் ஒரு கவலையா? எனக்கு டிசம்பர்ல விக்கணும். ஈ.சி.ஆர்.ல காரை நிறுத்தி இறங்குறவங்க மொத கேள்வியே "எத்தன அடி?"தான். "உள்ள பிசின் ஜாஸ்திங்க"ன்னா எவன் காசு தருவான்? போன சீசன்ல ஒரு அம்மா, வெட்டுக்கிளி கொறிச்ச மருந்தடிக்காத கன்னைத்தான் உயரமா இருக்குன்னு தூக்கிட்டுப் போனாங்க. பக்கத்துல ஒரு கடி இல்லாத என் கன்னு குள்ளமா நின்னுச்சு. இன்னும் வயிறு எரியுது.

அதனால வாங்காதே தம்பி. என்கிட்ட பாதி பாட்டில் கிடக்கு, வந்து எடுத்துக்க, விக்கிற தொட்டில மட்டும் அடிச்சுடாத. விக்காம தரையில வைக்கப்போற கன்னுங்களுக்குன்னு நான் இன்னொண்ணு ஆர்டர் போட்டுட்டேன்.